பிரிஃபார்மிஸ் வலியும் அக்குபங்சர் பாதுகாப்பும்

பிட்டத்தின் ஆழத்தில், திருவெலும்பிலிருந்து தொடை எலும்பின் மேல்முனைவரை செல்லும் பிரிஃபார்மிஸ் தசை இறுகி, பெரும்பாலானோருக்கு அதன் அடியில் செல்லும் சியாட்டிக் நரம்பை அழுத்துவதால் வருவதே பிரிஃபார்மிஸ் வலி. திருப்பதியின் அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் ஏறத்தாழ 3,550 படிகள் இதைத் தூண்டக்கூடும்.

அக்குபங்சரை இந்திய அரசு 2019இல் தனி மருத்துவ முறையாக ஏற்றது. இவ்வலிக்கு அது பலன் தரும் என்பதற்கான சான்று இன்னும் மெலிந்ததே. பாதுகாப்பில் நிலை ஓரளவு தெளிவு: 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வொன்றில், 34,407 சிகிச்சைகளில் கடும் தீங்கு பதிவாகவில்லை. ஆனால் அது சிகிச்சை அளித்தவர்கள் தாமே தந்த தகவல். பிட்டத்தில் ஊசி ஆழமாக இறங்க வேண்டியிருப்பதால் கவனம் கூடுதலாகத் தேவை. காலில் மின்னல்போல் வலி பாய்ந்தால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கலாம். உடனே பின்னிழுக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் கிருமிநீக்கிய ஊசியையே கேட்டு வாங்குங்கள். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர் முன்பே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மின்னூட்டிய ஊசியைத் தவிர்க்க வேண்டும்.

மறைவிடம் மரத்தல், சிறுநீர் அடக்கமின்மை, கால் தளர்ச்சி இருந்தால் ஊசிக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைக்குச் செல்க. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் பிரிவு உண்டு. சித்தூர்க்காரர்களுக்கும் அது எட்டும் தூரமே.