விமானி இருக்கையில் பெண்குலம்

நாம் குடியேறி வாழும் ஐதராபாத், சிக்கந்தராபாத் இரட்டை நகரில் பேகம்பேட்டை விமான நிலையத்தை அறியாத தமிழர் இலர். 2008-ஆம் ஆண்டு பயணிகள் விமானப் போக்குவரத்து சம்சாபாத்துக்கு மாறிற்று. எனினும் பழைய நிலையத்தோடு ஒரு பெண்மணியின் வரலாறு பிணைந்துள்ளது. அதனை நம் பெண்மக்கள் அறிதல் நன்று.

அவர் பிரேம் மாத்தூர் அம்மையார். அவருக்கு முன்பே, 1936-இல், சரளா தக்ரால் அம்மையார் புடவை அணிந்தவாறே சிறு விமானத்தைத் தனியே செலுத்தினார். ஆயின் ஊதியம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்லுதல் வேறு. அதற்குரிய வணிக விமானி உரிமத்தைப் பிரேம் மாத்தூர் அலகாபாத்தில் பயின்று 1947-இல் பெற்றார். 1949-இல் தேசிய விமானப் பந்தயத்திலும் வென்றார்.

இத்தகுதியோடு வேலை தேடியவரை எட்டு நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. பெண் செலுத்தினால் பயணிகள் அஞ்சுவர் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆடவர் பெற்ற அதே உரிமத்தைத்தான் அவரும் பெற்றிருந்தார். குறை அவர் திறமையில் இல்லை; பிறர் மனத்தில் இருந்தது.

இறுதியில் அவரை ஏற்றது பேகம்பேட்டையிலிருந்து இயங்கிய டெக்கான் ஏர்வேஸ். நிஜாம் அரசு இரயில்வேயும் டாட்டா நிறுவனத்தாரும் கூட்டாக 1945-இல் தோற்றுவித்த நிறுவனம் அது. தண்டவாளம் இட்டவர்களின் பணத்தில் பிறந்த நிறுவனமே பெண் விமானிக்கு வாயில் திறந்தது என்பது, இரயில்வேயில் ஊழியம் புரியும் நம் போன்றோர்க்குப் பெருமை தருவதாகும்.

ஆயினும் மற்றொன்றையும் மறைத்தல் தகாது. அங்கே அவருக்குக் கிடைத்தது துணை விமானி இருக்கையே. பறக்க வேண்டிய மணிநேரம் நிறைந்த பின்னரும் தலைமைப் பொறுப்பு தரப்படவில்லை. ஆகவே அவர் டெல்லி சென்று, தொழிலதிபர் ஜி. டி. பிர்லாவின் சொந்த விமானத்தைச் செலுத்தினார். 1953-இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆனபோது இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார்.

அவர் தொடங்கிய வழியிலே பிறர் வந்தனர். 1966-இல் துர்பா பானர்ஜி அம்மையார் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். 1985-இல் சௌதாமினி தேஷ்முக் தலைமையில், நிவேதிதா பாசின் துணையிருக்க, பெண்களே செலுத்திய போக்கர் விமானம் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது. அந்நிவேதிதாவே 1990-இல், தம் 26-ஆம் வயதில், ஜெட் விமானத்துக்குத் தலைமை ஏற்றார். இன்று இந்திய விமானிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் பெண்கள். உலகச் சராசரியோ 5 அளவே.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பௌதிகமும் கணிதமும் விரும்பிக் கற்கும் பெண்கள் பலர் உளர். விமானப் பயிற்சிக்குச் செலவு மிகுதி. அது மெய்யான தடையே. அதனைக் கடக்கும் வழியைக் கூடி ஆராய்வோம். "பெண்ணுக்கு இது ஆகுமா?" என்ற கேள்விக்கோ, அம்மையார் அன்றே விடை அளித்துவிட்டார். அதனை நம் இல்லங்களில் மீண்டும் எழுப்பாதிருப்போமாக.