கார்புரேட்டர் கலவைச் சீரமைப்பு

கார்புரேட்டர் கலவைச் சீரமைப்பு என்பது மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள் செல்லும் காற்று, பெட்ரோல் ஆகியவற்றின் விகிதத்தைச் சரிசெய்யும் பணியாகும். பட்டறைகளில் இது டியூனிங் எனப்படும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. பெட்ரோல் இவ்விகிதத்தை விட மிகுந்தால் அது செறிந்த கலவை. குறைந்தால் மெலிந்த கலவை.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தல் அமைப்பே பொருத்தப்படுகிறது. எனவே இச்சீரமைப்பு பழைய வண்டிகளுக்கே உரியது.

திருகின் வகை

கலவைத் திருகு இருவகைப்படும். திராட்டில் வால்வுக்கும் காற்று வடிகட்டிக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருப்பது காற்றுத் திருகு. இதை வெளிப்புறமாகத் திருப்பினால் காற்று கூடிக் கலவை மெலியும். எஞ்சின் பக்கத்தில் இருப்பது எரிபொருள் திருகு. இதை வெளிப்புறமாகத் திருப்பினால் கலவை செறியும். 1985 முதல் 1996 வரை விற்கப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் மிக்குனி கார்புரேட்டரில் இருப்பது காற்றுத் திருகாகும். வகையை அறியாமல் திருப்புவதே வீட்டில் நேரும் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

செய்முறை

முதலில் காற்று வடிகட்டியும் ஸ்பார்க் பிளக்கும் தூய்மையாக உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். பின்னர் திருகை மெதுவாக முழுதும் மூடி, வண்டியின் கையேட்டில் கூறப்பட்ட சுற்றுகள் அளவுக்குத் திறக்க வேண்டும். இறுக்கி மூடினால் திருகின் கூர்முனையும் அது அமரும் துளையும் கெடும். அதன்பின் எந்த அளவும் சரிவராது. எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடேற்றியபின், திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காத்திருந்து, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் சுழலும் நிலையைக் கண்டறிவர். வேகம் கூடிவிட்டால் ஐடிலிங் திருகைக் கொண்டு குறைக்க வேண்டும். இப்பணியைத் திறந்தவெளியில் மட்டுமே செய்தல் வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு.

வரம்புகள்

கலவைத் திருகு ஐடிலிங் முதல் ஏறத்தாழ கால் திராட்டில் வரையே பயன்தரும். அதற்கு மேல் ஊசியும், முழுத் திராட்டிலில் மெயின் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே மைலேஜுக்காக இத்திருகை அளவுக்கு மீறி மெலிவாக வைப்பதால் நெடுஞ்சாலை ஓட்டத்தில் மிச்சமாவது சொற்பமே. மாறாக எஞ்சின் சூடேறும். திராட்டிலை மூடும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் எழும். கலவை தொடர்ந்து மெலிந்திருந்தால் இருதிற எஞ்சின்களில் பிஸ்டன் சீஸ் ஆகவும் கூடும்.

ஸ்பார்க் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருப்பது நல்ல அறிகுறி. கரி படிந்திருந்தால் செறிவையும், வெளுத்திருந்தால் மெலிவையும் காட்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவாதலால், சமவெளியில் சீரமைத்த வண்டி அங்கு செறிந்த கலவையில் ஓடும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் விளைவு எதிரானது. எத்தனால் 1 கிராம் எரிய ஏறத்தாழ 9 கிராம் காற்றே போதும் என்பதால், அதே அமைப்பில் கலவை மெலிந்துவிடும்.