ஓசூர் வட்டார எழுத்துத் தமிழில் ஆங்கில இலக்கண அமைப்புகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரிலும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் அறிவிப்புப் பலகை, ஆள்தேடும் விளம்பரம், சுற்றறிக்கை ஆகியவற்றில் வழங்கும் தமிழ், ஆங்கிலத்திடம் இரு வகையில் கடன் பெறுகிறது: ஒன்று சொல், மற்றது தொடரமைப்பு. இவை தமிழகமெங்கும் உள்ளவையே. ஆயினும் பல மொழியினர் கூடி உழைக்கும் இந்த எல்லைப் பகுதியில் அன்றாடம் கண்ணில் படுகின்றன.

பின்புலம்

ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோர் நெடுங்காலமாக வாழும் ஊர் இது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற ஆலைகள் வந்தன. ஆலையில் சட்டப்படி வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 108ஆம் பிரிவில் விதித்தது. இரு மொழி வாசகமும் அருகருகே நிற்கும்போது ஆங்கில வரியின் அமைப்பு தமிழ் வரிக்குள் எளிதில் இறங்கிவிடுகிறது.

சொற்கடன்

கம்பெனி, ஷிஃப்ட், மெஷின் போன்ற சொற்கள் தமிழ் வேற்றுமை உருபை ஏற்று ‘கம்பெனியில்’, ‘ஷிஃப்டுக்கு’, ‘மெஷினை’ என்றாகின்றன. வினை தேவைப்படும் இடத்தில் ‘செய்’, ‘பண்ணு’ துணைக்கு வருகின்றன: ‘செக் பண்ணவும்’, ‘பேக்கிங் செய்யவும்’. ‘ஹெல்பர் தேவை, பஸ் வசதி உண்டு’ என்னும் விளம்பரத்தில் ஆங்கிலச் சொற்கள் இருந்தும் தொடரமைப்பு முழுக்கத் தமிழே.

தொடர்க்கடன்

மற்றும்: ஆங்கிலத்தில் அடுக்கின் கடைசிச் சொல்லுக்கு முன் ஓர் இணைப்புச்சொல் வரும். அவ்வழியே ‘தலைக்கவசம், கையுறை மற்றும் காலணி அணியவும்’ என்று எழுதுகின்றனர். தமிழின் இயல்பு உம்மை: ‘தலைக்கவசமும் கையுறையும் காலணியும் அணியவும்’.

செயப்பாட்டுவினை: இது தமிழில் பழங்காலந்தொட்டு உண்டு, ஆனால் பேச்சில் அரிது. திராவிட மொழிகளில் முறையான செயப்பாட்டுவினை இல்லை என்றே 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் கருதினார். இன்றைய அலுவல் எழுத்திலோ ‘மேலாளரால் அனுமதி வழங்கப்பட்டுள்ளது’ என்பதே வழக்கமாகிவிட்டது. ‘மேலாளர் அனுமதி வழங்கியுள்ளார்’ என்றாலே போதும்.

ஒரு: எண்ணைக் குறிக்காமல், ஆங்கிலத்தின் ‘a’, ‘an’ ஆகியவற்றின் இடத்தை நிரப்ப வருகிறது. ‘இது ஒரு தடைசெய்யப்பட்ட பகுதி’ என்பதைவிட ‘இங்கு நுழையக் கூடாது’ என்பது தெளிவு.

தயவுசெய்து: ‘நிறுத்தவும்’ என்பதிலேயே பணிவு அடங்கியிருக்க, தொடக்கத்தில் இச்சொல்லையும் சேர்க்கின்றனர்.

மதிப்பீடு

சொற்கடன் தமிழ் இலக்கணத்துக்கு அடங்கி நடக்கிறது. தொடர்க்கடனோ பொருளை மங்கச் செய்யும். ‘இயந்திரம் நிறுத்தப்பட வேண்டும்’ என்னும் வரி யார் நிறுத்துவது என்று சொல்வதில்லை. ‘இயந்திரத்தை நிறுத்தவும்’ என்பது படிப்பவருக்கே இடும் கட்டளை. தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்போரும் பணியாற்றும் ஆலைகளில் இந்த வேறுபாடு உயிர்காக்கும். எனவே பாதுகாப்பு அறிவிப்புகளை மொழிபெயர்க்காமல், தமிழிலேயே சிந்தித்து எழுதுவதுதான் சரியான முறை.