மழை கொண்டுபோன மண்

புக்கிட் ரம்பாய் என்னும் பெயருக்குள் ஒரு குன்றும் ஒரு கனியும் இருக்கின்றன. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. ரம்பாய் என்பது கொத்துக் கொத்தாய்த் தொங்கும் புளிப்பும் இனிப்புமான பழம். இன்று அவ்வூரைப் பலரும் அறிவது அங்குள்ள தொழிற்பேட்டையைக் கொண்டே. ஆயினும் மலாக்காப் புறத்தில், மரம் வெட்டி வெறுமையாக விடப்பட்ட ஒரு மேட்டுநிலத்தின் அடியில், பெருமழைக்குப் பின் நின்று பார்ப்போர்க்கு வடிகாலில் ஓடுவது நீரா, செங்குழம்பா என்னும் ஐயம் எழும். அந்தச் செந்நிறத்தின் சரித்திரத்தையே நாம் எழுதப் புகுந்தோம். அச்சரித்திரத்தில் நம்மவர் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அக்கைகளுக்கு உரியவரை எவரும் கலந்து கேட்டதில்லை.

மலாக்காவில் ரப்பருக்கு முன் ஆண்டது மரவள்ளி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன முதலாளிகள் காடழித்து மரவள்ளி நட்டனர். மாவாலைகளின் அடுப்புக்கும் அக்காடே விறகாயிற்று. மரவள்ளியோ வேரைப் பிடுங்கினாலன்றிப் பலன் தராத பயிர். ஒவ்வோர் அறுவடையும் நிலத்தைக் கிளறி மழைக்கு முன் வைத்தது. சில போகங்களுக்குள் மண் சலித்தது. லாலான் புல் மூடியது. முதலாளி அடுத்த காட்டுக்குப் போனார். 1896இல் டான் சே யான் என்பவர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லியின் தூண்டுதலால், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்துக்கென எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. இங்குள்ள ஒருவகை மண்ணுக்கு மண்ணூலார் மலாக்கா என்றே பெயரிட்டிருக்கின்றனர். செம்புறைக் கற்சரளை நிறைந்த மண் அது. மேல்மண் கரைந்துபோனால் எஞ்சுவது அச்சரளையே.

ரப்பர் விலை ஏற ஏற, தமிழ்நாட்டிலிருந்து நம்மவர் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். 1907இல் ஆள் சேர்ப்புக்கென்றே ஒரு குடியேற்ற நிதியும் ஏற்படுத்தப்பட்டது. அக்காலத் துரைமார்க்கு ஒரு கொள்கை இருந்தது: மரத்தடியில் ஒரு புல்லும் நிற்றலாகாது. புல் மரத்தின் உணவைத் திருடுகிறது என்பது அவர்கள் கூறிய காரணம். ஆதலால் ஆணும் பெண்ணும் நிரை நிரையாக நின்று, மண்வெட்டியால் தரையைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்தனர். தரை வீட்டு முற்றம்போல் இருந்தால் தோட்டம் நன்று. ஒரு பசுந்தளிர் தென்பட்டால் கங்காணிக்கு வசை, கூலிக்காரர்க்கு அரைநாள் பேருக்கு அச்சம். மூடநம்பிக்கை கோயில் வாசலில் மட்டுமே குடியிருப்பது என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பார்களாக. சோதித்துப் பாராத ஒரு வழக்கம், தொப்பியணிந்து குதிரைமேல் வந்தாலும் அது மூடநம்பிக்கையே.

ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 100 டன். மலாக்காவில் ஆண்டு மழை சுமார் 80 அங்குலம்; அதாவது ஏக்கருக்கு 8,000 டன் நீர். துடைத்த தரையில் விழும் ஒவ்வொரு பெருந்துளியும் ஒரு சிறு சம்மட்டி. அது மண்துகளைச் சிதறடிக்கிறது. சிதறிய பொடி மண்ணின் கண்களை அடைக்கிறது. உள்ளே இறங்க வழியற்ற நீர் சரிவில் ஓடுகிறது, ஓடும்போது பொடியையும் கூட்டிச் செல்கிறது. மரம்தான் மேலே குடை பிடிக்கிறதே என்பார் உளர். உயர்ந்த ரப்பர் மரத்தின் இலைகளில் நீர் திரண்டு, முன்னினும் பெரிய துளியாகி, பல அடி உயரத்திலிருந்து மீண்டும் வேகம் கொண்டு விழுகிறது. மண்ணைக் காப்பது தலைக்குமேல் உள்ள குடையைவிடக் காலடியில் உள்ள பாயே. அந்தப் பாயைத்தான் நம்மவரைக் கொண்டு சுரண்டி எறிந்தார்கள்.

மண் போவதைத் துரைமார் காணாமலில்லை. கண்டு, சரிவுகளில் வண்டல் பிடிக்கும் குழிகளை வெட்டச் செய்தனர். குழி வெட்டியவரும் நம்மவரே. மழையில் அது நிரம்பியபின் அள்ளியவரும் நம்மவரே. ஒரு கையால் மண்ணை அவிழ்த்துவிட்டு மறுகையால் அதைப் பிடிக்கும் வேலை! அதேகாலத்தில், பக்கத்துக் கம்பத்தில் சிறுநிலம் வைத்திருந்த மலாய்க்காரரும் சீனரும் தம் மரங்களுக்கிடையே செடிகொடிகளை வளரவிட்டிருந்தனர். 'அழுக்குத் தோட்டம்' என்று அவற்றை இகழ்ந்தனர் துரைமார். அழுக்கான அந்நிலங்களில் மண் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. ஆராய்ச்சி ஒருபுறம் நடக்க, கொள்கையை முதலில் அசைத்தது பணமுடையே. 1930ஐ ஒட்டி ரப்பர் விலை சரிந்தது, கூலி குறைக்கப்பட்டது, பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். புல் வெட்ட ஆளுமில்லை, பணமுமில்லை. புல் வளர்ந்தது. மரங்களோ சாகவில்லை! 1934இல் கழகத்தின் மண்ணூலார் ஹெயின்ஸ், இயற்கையாய் முளைக்கும் செடிகளை ரப்பர்த் தோட்டத்தில் பயன்படுத்தும் முறையையும் கட்டுப்படுத்தும் முறையையும் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பியூரேரியா, சென்ட்ரோசீமா முதலிய அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடுதலும் பரவியது. அக்கொடிகள் மண்ணை மூடுவதோடு காற்றிலுள்ள தழைச்சத்தையும் நிலத்துக்குச் சேர்ப்பன. இத்தனை ஆண்டுகள் முதுகு வளைத்துச் செய்த வேலையில் பெரும்பகுதி தேவையற்றது மட்டுமன்று, தீங்கானது என்று தெளிந்தபோது, அவ்வேலையைச் செய்தவர்களில் பலர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலில் போய்விட்டிருந்தனர்.

கண்ணால் கண்டதைக் கணக்காக்கும் முயற்சி வேறு நாடுகளில் நடந்தது. 1851இலேயே அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி, மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, அந்நிலம் உறிஞ்சாமல் விடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வெள்ளத்தின் உச்சம் கிடைக்கும் என்றார். இன்றும் வடிகால் கட்டுவோர் கையாளும் முறை அது. மண்ணின் கணக்கு அதனினும் கடினம். அமெரிக்காவில் 72.6 அடி நீளப் பாத்திகளைச் சரிவில் அமைத்து, அடியில் தொட்டி வைத்து, ஓடிவந்த நீரையும் மண்ணையும் ஆண்டுக்கணக்கில் அளந்தனர். அவ்வளவுகளைத் திரட்டி, 1965இல் வீஷ்மையரும் ஸ்மித்தும் ஒரு சமன்பாட்டை வெளியிட்டனர். மழையின் தாக்கம், மண்ணின் குணம், சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, தரையின் மூடல், காப்புவேலை ஆகிய ஆறையும் பெருக்கக் கிடைப்பதே ஆண்டில் போகும் மண். இவற்றுள் முதல் நான்கும் பெரிதும் இயற்கையின் கையில். மூடலோ மனிதன் கையில்: உழுது வெறுமையாக விட்ட தரைக்கு அந்த எண் 1, அடர்ந்து மூடிய தரைக்கு நூறில் ஒன்றோ அதனினும் குறைவோ. அமெரிக்க மழையில் அளந்த எண்களை நம் பக்கத்து மழைக்கு அப்படியே எடுத்துக்கொள்வது பிழை. முறையை எடுத்துக்கொண்டு, எண்ணை இங்கேயே அளந்து கொள்ளவேண்டும். மலேசிய ஆராய்ச்சியாளர் அதனையே செய்து வருகின்றனர்.

1960இல் மலாயாவில் நிலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குன்றுநிலத்தை வெட்டித் திருத்துவதற்கு அது கட்டுப்பாடு விதித்தது. 2000இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா நகர மழைநீர் பற்றிய பெருங்கையேட்டை வெளியிட்டது. அதற்குள் ரப்பர் நின்ற மேடுகள் பல இடங்களில் தொழிற்சாலைகளும் வரிசைவீடுகளும் ஆகிவிட்டன. கட்டடம் எழும்பும்வரை தரை வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் மூடலின் எண் மீண்டும் 1ஐ நோக்கி ஏறுகிறது. ஆதலின் மண்ணை வெட்டத் தொடங்கும் முன்னரே, கீழ்ச்சரிவில் வண்டல் தேங்கும் குழியைத் தோண்டிவைத்தல் வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டி. இப்போது அதனைத் தோண்டுவது இயந்திரம். குழி மட்டும் நம் பாட்டன்மார் வெட்டிய அதே குழி.