மாணவர் செயற்கைக்கோள்கள்: செயல்திட்டம் தொழிலாக வளர்ந்த வரலாறு (1981–2024)

கைப்பட ஒன்றைச் செய்து பழகிய மாணவனுக்குப் பிற்காலத்தில் தொழில் அமையும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எந்தச் செயல்திட்டம் அப்படி வாழ்வைத் திருப்புகிறது, எது மதிப்பெண்ணோடு முடிந்துபோகிறது? மாணவர்கள் செய்த செயற்கைக்கோள்களின் வரலாற்றில் இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கிறது. செய்த பொருள் வானில் வேலை செய்ததா இல்லையா என்பதை இத்துறையில் யாரும் மறைக்க முடியாது.

1970களின் இறுதியில் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மார்ட்டின் ஸ்வீட்டிங், கடையில் கிடைக்கும் மின்னணுப் பாகங்களைக் கொண்டே செயற்கைக்கோள் செய்ய முற்பட்டார். விண்வெளிக்கென்றே தயாரான விலையுயர்ந்த பாகங்கள் இல்லாமல் அது நடக்காது என்று நம்பப்பட்ட காலம் அது. அவரது சிறு குழு உருவாக்கிய யூஓசாட்-1, 1981 அக்டோபர் 6 அன்று நாசாவின் டெல்டா ராக்கெட்டில் ஏறியது. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. கோளின் இரண்டு ஒலிபரப்பிகளும் தவறுதலாக ஒருசேர இயங்க, அந்த இரைச்சலில் தரையிலிருந்து போன கட்டளைகள் கோளுக்கு எட்டவில்லை. பல மாதங்களுக்குப் பின், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள 46 மீட்டர் ஆன்டெனாவின் வலிமையால்தான் கட்டுப்பாடு மீண்டது. கோள் 1989 வரை சுற்றியது. எந்தப் பாடநூலும் அந்த மாதங்கள் அளவுக்கு அக்குழுவைப் பழக்கியிருக்காது என்றே கருதுகிறேன். 1985இல் பல்கலைக்கழகத்திலிருந்தே சர்ரே சாட்டிலைட் டெக்னாலஜி நிறுவனம் கிளைத்தது. 2009 தொடக்கத்தில் அதன் பெரும்பங்கை ஐரோப்பிய நிறுவனமான ஆஸ்ட்ரியம் வாங்கியது.

இதைவிட முக்கியமானது கொரியாவின் கதை. 1989இல் கைஸ்ட் உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் சோய் சூன்-டால், தம் மாணவர்கள் சிலரைச் சர்ரேக்கு அனுப்பினார். அங்கே முதுகலை படித்துக்கொண்டே அவர்கள் கோள் கட்டும் வேலையில் இறங்கினர். 1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட கிட்சாட்-1 கொரியாவின் முதல் செயற்கைக்கோள். சர்ரேயில் உருவானதைக் கொரியக் கோள் எனலாமா என்ற விமர்சனமும் எழுந்தது. மறு ஆண்டே கிட்சாட்-2ஐத் தம் மண்ணில் கட்டி அனுப்பி அதற்கு விடை சொன்னார்கள். அந்த மாணவர்களே 1990களின் இறுதியில் சாட்ரெக் இனிஷியேட்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 2009இல் ஏவப்பட்ட மலேசியாவின் ராசாக்சாட், அமீரகத்தின் துபாய்சாட்-1 இரண்டிலும் அவர்கள் பங்கு உண்டு. துபாய்சாட் பணிக்காகக் கொரியா சென்று கற்ற இளம் பொறியாளர் ஓம்ரான் ஷரஃப், பிறகு அமீரகத்தின் செவ்வாய்த் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அத்திட்டத்தின் ஹோப் விண்கலம் 2021 பிப்ரவரியில் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. சர்ரேயின் ஒரு மாணவர் ஆய்வகத்தில் மூட்டிய அடுப்பிலிருந்து நாடு நாடாக நெருப்பு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை: கோள் முடிவதற்குள் மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாப் ட்விக்ஸும் கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரியும் 1999இல் இதற்கு வழி கண்டனர். பக்கத்துக்கு 10 செ.மீ., எடை 1 கிலோ. அதற்கு மேல் எதுவும் சேர்க்க இடமில்லை. கியூப்சாட் எனப்படும் இந்தக் கனசதுரத்தின் இறுக்கமான வரம்புதான், படிப்புக் காலத்துக்குள் வேலையை முடிக்க வழிசெய்தது. 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் ப்ளெசெட்ஸ்கிலிருந்து முதல் தொகுதி கியூப்சாட்கள் பறந்தன. அவற்றுள் ஒன்றான டோக்கியோ பல்கலைக்கழகக் கோளில் மாணவராகப் பணிபுரிந்த யூயா நாகமுரா 2008இல் ஆக்சல்ஸ்பேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்களின் டெல்ஃபி-சி3 திட்டத்திலிருந்து 2006இல் ஐசிஸ் நிறுவனம் பிறந்தது. அந்த டெல்ஃபி-சி3 விண்ணேறியது நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2008 ஏப்ரல் 28இல், பிஎஸ்எல்வி-சி9 ராக்கெட்டில்.

ஓராண்டு கழித்து நம் முறை வந்தது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில், இஸ்ரோ வழிகாட்ட, அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டிய முதல் கோள் அதுவே. 2010இல் பெங்களூரு, ஐதராபாத் கல்லூரி மாணவர்களின் ஸ்டட்சாட், 2011இல் எஸ்ஆர்எம்சாட், 2016இல் சத்யபாமாசாட், 2017இல் குமரி மாவட்டத்திலிருந்து நியூசாட் என வரிசை நீண்டது. சாதனைகள்தாம், ஐயமில்லை. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை ஒரே கோளோடு நின்றன. கற்ற கைகள் கலைந்து போயின. அடுத்த அணி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கொரியாவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை, இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கி வைவாவில் ஒப்பிக்கும் வழக்கத்தையும் இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதில் பிழை நேர வழியில்லை. பிழையைத் திருத்திப் பெறும் அறிவுக்கும் வழியில்லை.

இன்று கதவு முன்னைவிட அகலத் திறந்திருக்கிறது. 2024 ஜனவரி 1இல் ஏவிய பிஎஸ்எல்வி-சி58இன் நான்காம் கட்டத்தையே இஸ்ரோ ஆய்வு மேடையாக்கியது. அதில் திருவனந்தபுரம் எல்பிஎஸ் மகளிர் பொறியியல் கல்லூரி மாணவியர் செய்த வீசாட் கருவியும் சென்றது. முழுக் கோள் கட்டாமலே ஒரு கருவியை மட்டும் செய்து அனுப்ப முடிகிறது. செலவும் காலமும் குறைகின்றன. ஆகவே நம் கல்லூரி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் கருவி விண்ணேறிய மறுநாளே இரண்டாவதற்கான பணத்தை ஒதுக்குங்கள், மூன்றாமாண்டு மாணவர்களை நான்காமாண்டு மாணவர்களோடு அதே மேசையில் உட்கார வையுங்கள்.