எந்தக் கணக்கிலும் ஏறாத இழப்பு: இங்கிலாந்தின் சிக்கன ஆண்டுகளும் உள்ளாட்சிச் சேவைகளும்

ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கவுண்டி கவுன்சிலின் தலைவர் இயன் ஹட்ஸ்பெத்துக்குத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் எழுதிய கடிதம் ஒன்று 2015 நவம்பரில் வெளியே வந்தது. முதியோர் பகல்நேர மையங்களிலும் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் கைவைக்கப் போவதாகக் கேள்விப்பட்டு வருந்துகிறேன், நிர்வாகச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாதா என்பது அதன் சாரம். எழுதியவர் டேவிட் கேமரூன். உள்ளாட்சி மானியங்களைக் குறைத்துக்கொண்டிருந்த அரசின் பிரதமரும் அவர்தான். இருவரும் கன்சர்வேடிவ் கட்சியினர். மானியம் 37 விழுக்காடு சரிந்திருப்பதைச் சிறு குறைவு என்று ஏற்க இயலாது என்று ஹட்ஸ்பெத் பதில் எழுதினார்.

நாளிதழ்கள் இதைப் பிரதமரின் இரட்டை வேடமாகக் கண்டு நகையாடின. கேமரூன் உண்மையாகவே வியந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. வெட்டுபவரின் கண்ணுக்கு வெட்டு விழும் இடம் தெரியாதபடி அமைந்த நிதிமுறை அது. சேமிப்பு ஒரு கணக்கிலும் இழப்பு வேறு பல கணக்குகளிலும் பதிவாகும். பல இழப்புகள் எங்குமே பதிவாகா. சிக்கனத்தின் விளைவு பற்றிய வாதங்கள் தீராமல் நீள்வதற்கு இந்தப் பிரிவினையே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2010 அக்டோபரில் வெளியிட்ட செலவின மதிப்பாய்வில் உள்ளாட்சி மானியம் பெரிதாக அடிபட்டது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2010-11 முதல் 2017-18 வரை இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு மைய அரசு தந்த நிதி 49.1 விழுக்காடு குறைந்தது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2018-இல் கணக்கிட்டது. உள்ளாட்சிகளின் மொத்தச் செலவுத் திறனில் சரிவு 28.6 விழுக்காடு. இடைவெளியை நிரப்பியது கவுன்சில் வரி. அந்த வரியோ 1991 ஏப்ரலில் வீட்டுக்கு இருந்த மதிப்பை வைத்து இன்றும் விதிக்கப்படுவது. செல்வர்கள் வாழும் ஊரில் வரி நிறைய வசூலாகும். மானியம் அங்கே துணைவருவாய்தான். மலிவான வீடுகள் மிகுந்த லிவர்பூல் போன்ற நகரங்களுக்கு மானியமே முதல். ஆகவே எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் மானியம் குறைந்தாலும் ஏழை ஊரின் வரவுசெலவு கூடுதலாகச் சுருங்கும். வரியை உயர்த்தி ஈடுகட்டலாம் என்றால், அமைச்சர் ஆண்டுதோறும் வகுக்கும் வரம்பைத் தாண்ட ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டம் தடை போட்டது. அந்தச் சட்டத்தின் பெயர் உள்ளூர்மையச் சட்டம்!

குறைந்த பணத்தை எதிலிருந்து எடுப்பது? கவுன்சிலர்கள் கூடி முன்னுரிமைகளை எடைபோட்டு முடிவெடுத்தார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நடைமுறையில் பெரும்பகுதியைச் சட்டமே முடிவு செய்தது. ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் காப்பதும், தகுதியுள்ள முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பராமரிப்பு தருவதும் சட்டக் கடமைகள். தவறினால் நீதிமன்றம் போகலாம். இளைஞர் மன்றத்துக்கு அவ்வளவு வலுவான காப்பு கிடையாது. 2010-11 முதல் 2016-17 வரையிலான தணிக்கை அலுவலகப் புள்ளிவிவரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புச் செலவு சுமார் 3 விழுக்காடு மட்டுமே குறைந்தது; குழந்தைகள் பராமரிப்புச் செலவு சற்று ஏறியது. சாலை, போக்குவரத்தில் 37.1 விழுக்காடும் வீட்டுவசதிப் பணிகளில் 45.6 விழுக்காடும் திட்டமிடலில் 52.8 விழுக்காடும் போயின. சேவைச் செலவில் பராமரிப்பின் பங்கு 45.3-இலிருந்து 54.4 விழுக்காடானது. லண்டனின் பார்னெட் கவுன்சில் இந்தப் போக்கை முன்பே வரைபடமாகப் போட்டு, ஒரு நாள் பராமரிப்பைத் தவிர வேறெதற்கும் காசு இராது என்று காட்டியிருந்தது.

நூலகத்தின் நிலை இடைப்பட்டது. 1964-ஆம் ஆண்டின் சட்டம் முழுமையும் திறமும் உள்ள நூலகச் சேவையைக் கேட்கிறது. முழுமை எவ்வளவு என்று சொல்லவில்லை. நார்த்தாம்ப்டன்ஷயர் தன் 36 நூலகங்களில் 21-ஐ மூட முனைந்தது, அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அந்தக் கவுன்சில் 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டிருந்தது. சட்டக் கடமை தவிர வேறெதற்கும் புதிதாகச் செலவழிக்கக் கூடாது என்று தலைமை நிதி அலுவலர் பூட்டுப் போடும் அறிவிப்பு அது.

ஆக, முற்றிய பின் செய்யும் பணிகளுக்குச் சட்டம் காவல் நின்றது. முற்றாமல் தடுக்கும் பணிகள் காவலின்றிக் கிடந்தன. ஷூர் ஸ்டார்ட் மையங்களுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் மருத்துவம், விளையாட்டு, வேலை தேடும் உதவி எல்லாம் ஓரிடத்தில் தந்த மையங்கள் இவை. 2009-10-இல் சுமார் 180 கோடி பவுண்டாக இருந்த செலவு 2017-18-க்குள் மூன்றில் ஒரு பங்கானது. நிதி ஆய்வு நிறுவனம் 2019-இல் கண்ட முடிவுகள் இரு தரப்புக்கும் சங்கடமானவை. இம்மையங்களால் பதினொரு வயதுக் குழந்தைகளின் மருத்துவமனைச் சேர்க்கை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குறைந்தது. ஏழைப் பகுதிகளில் பயன் அதிகம். ஆனால் அதனால் மிச்சமான பணம் திட்டச் செலவில் சுமார் 6 விழுக்காடுதான். தடுப்பு தன் செலவைத் தானே மீட்டுவிடும் என்று சிக்கன எதிர்ப்பாளர்கள் சொல்வதை மருத்துவக் கணக்கு மட்டும் நிரூபிக்காது. கல்வி, பின்னாளைய ஊதியம் எல்லாவற்றையும் சேர்த்து 2025-இல் அதே நிறுவனம் கணக்கிட்டபோது, செலவிட்ட ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ இரண்டு பவுண்டு நன்மை தெரிந்தது. அந்த நன்மை மருத்துவத் துறைக்கும் பள்ளிக்கும் கருவூலத்துக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்கிறது. மையத்தை நடத்திய கவுன்சிலின் ஏட்டில் செலவு மட்டுமே இருக்கும். அதை மூடிய கவுன்சிலரை மூடர் என்று சொல்ல என்னால் முடியாது. அவர் முன்னிருந்த ஏட்டின்படி அவர் செய்தது சரி.

எதிர்வாதங்களில் வலுவானது, மக்களே பெரிதாகக் குறைப்படவில்லை என்பது. பிபிசிக்காக 2013-இல் எடுத்த கருத்துக்கணிப்பில், சேவைகளின் தரம் குறையவில்லை அல்லது மேம்பட்டது என்று பத்தில் ஆறுபேர் கூறினர். ஆனால் குப்பை வண்டி வருவது எல்லோருக்கும் தெரியும். பராமரிப்புத் தகுதி எங்கே இறுகியது என்பது அதை நாடிப் போனவருக்குத்தான் தெரியும். சராசரிக் கருத்து சிறுபான்மையின் இழப்பை அளக்கும் கருவி ஆகாது. மற்றொரு வாதம் நிர்வாகச் சீர்கேடு. பர்மிங்காம் கவுன்சில் 2023-இல் நிதி நெருக்கடியில் வீழ்ந்ததில் சம ஊதியப் பாக்கிக்கும் கணினி அமைப்புக் குளறுபடிக்கும் பெரும்பங்கு உண்டு. அதைச் சிக்கனத்தின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. வோக்கிங் கதை வேறு. 1.6 கோடி பவுண்டு அடிப்படை நிதி கொண்ட அந்தச் சிறு கவுன்சில், கடன் வாங்கி நிலவணிகத்தில் இறங்கி, 120 கோடி பவுண்டுப் பற்றாக்குறையை 2023-இல் அறிவித்தது. முடிவெடுத்தவர்கள் பொறுப்பாளிகளே. மானியம் வற்றிய பிறகு வணிகத்தில் வருவாய் தேடுமாறு உந்திய சூழலும் அந்தக் கதையில் உண்டு.

இந்தக் கணக்குகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அமைப்பு இருந்தது. உள்ளாட்சித் தணிக்கைகளை மேற்பார்த்த ஆடிட் கமிஷனைச் செலவு மிச்சத்தின் பெயரால் கலைக்கப் போவதாக 2010-இல் அறிவித்து, 2015-இல் கலைத்தார்கள். தணிக்கை தனியார் நிறுவனங்களிடம் போனது. 2022-23 நிதியாண்டுக்கு 467 உள்ளாட்சி அமைப்புகளில் ஐந்து மட்டுமே உரிய கெடுவுக்குள் தணிக்கை முடித்தன. தேங்கியதைத் தீர்க்க, 2024 டிசம்பர் 13-க்குள் பழைய கணக்குகளை முடித்தாக வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. நேரமின்றிப் போன தணிக்கையாளர்கள், இக்கணக்கு குறித்துக் கருத்துக் கூற இயலவில்லை என்று எழுதி ஏடுகளை மூடினார்கள். சிக்கன ஆண்டுகளின் பிற்பகுதியை ஆராயப் புகும் எவருக்கும் இனி மூலச்சான்றாகக் கிடைப்பதில் ஒரு பகுதி அந்தக் கருத்தில்லாக் கணக்குகளே.