ஆயர் வாங்கிய காற்றுப் பொறி

ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் இரைந்துகொண்டிருக்கும் வெற்றிடப் பம்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதன் எண்ணெய் பால்போல் வெளுத்தால் நீராவி கலந்துவிட்டதென்று கண்டு மாற்றுவதும், இணைப்புகளில் காற்றுக் கசிவைத் தேடுவதும் ஆய்வாளர்க்கு அலுப்பூட்டும் வேலைகள். அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் திருச்சபையினர்க்கும் இடமுண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

1631-இல் கத்தோலிக்க அணியின் படைகள் செருமனியின் மாக்டபர்க் நகரைச் சூறையாடின. நகரம் எரிந்து சாம்பலாயிற்று. உயிர் தப்பியோருள் ஒருவர் ஓட்டோ ஃபான் கேரிக் என்னும் லூத்தரன் பொறியாளர். பின்னர் அந்நகரின் மேயரான அவர், வெற்றிடம் காண விரும்பி, பீர்ப் பீப்பாய் ஒன்றில் நிரப்பிய நீரை இறைத்தார். மரத்தின் இடுக்குகளில் காற்று சீறிக்கொண்டு புகுந்தது. செம்புக் கோளமொன்று செய்வித்தார். அது பேரொலியுடன் நசுங்கிற்று. வடிவம் பிசகாத வேறொரு கோளமே தாக்குப்பிடித்தது.

1654-இல் ரேகன்ஸ்பர்க் பேரவையில் இப்பொறியைக் கண்டு வியந்தவர், மைன்ஸ் பேராயரும் வூர்ஸ்புர்க் ஆயருமான ஃபான் ஷோன்பார்ன். முப்பதாண்டுப் போர் முடிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய பகை அணியினர் செய்த பொறியை அவர் விலைகொடுத்து வாங்கி, வூர்ஸ்புர்க் இயேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பினார். அங்குக் கணிதம் கற்பித்த காஸ்பர் ஷாட் அடிகளார், வெற்றிடம் என ஒன்று இருக்கவே இயலாது என்னும் கொள்கையுடையவர். எனினும் அப்பொறியை ஒளிவுமறைவின்றி விவரித்து 1657-இல் தம் நூலில் வெளியிட்டார். கேரிக்கின் சொந்த நூலோ 1672-இல்தான் வந்தது. தம் கருத்துக்கு ஒவ்வாததையும் உள்ளபடி எழுதிய அவ்வுள்ளத்தை நாம் போற்றாதிருக்க இயலவில்லை.

அந்நூலைப் பற்றிய செய்தி இங்கிலாந்தில் இராபர்ட் பாயிலை எட்டியது. கேரிக்கின் பொறியை இயக்க வலிமைமிக்க இருவர் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். அதன் கலத்துள் பொருள்களை வைத்துச் சோதிக்கவும் வழியில்லை. ஆகவே பாயில் வேறொன்றை விரும்பினார். இராபர்ட் ஹூக் 1659-இல் அதனை அமைத்துக் கொடுத்தார். மேலே மூடியுள்ள பெரிய கண்ணாடிக் கலம். கீழே பித்தளை உருளை. அதனுள் தோல் போர்த்திய உந்துதண்டு. கசிவைத் தடுக்கச் சமையலறையில் பயன்படும் எண்ணெயையே ஊற்றினார்கள்! இணைப்புகளைக் கீல், பிசின், மரச்சாம்பல் ஆகியவற்றை உருக்கிய கலவையால் பூசினார்கள். அப்படியும் காற்று சிறிது உட்புகுந்தது. பாயில் அதனை 1660-இல் வெளியிட்ட நூலில் மறைக்கவில்லை. அடுத்த பொறியில் உருளையை நீருள் அமிழ்த்தினார். தோல் உலராமல் ஊறி இறுக்கமாய் இருந்தது.

பாயிலை 1661-இல் மறுத்தெழுதியவரும் இயேசு சபையினரே: லியேஜ் நகரில் வாழ்ந்த பிரான்சிஸ் லைன் அடிகளார். பாதரசத்தைத் தாங்குவது காற்றின் அழுத்தம் அன்று, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இழையே என்றார் அவர். அவர்க்கு விடை கூறும் பொருட்டுப் பாயில் வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி அளந்தார். அழுத்தம் இருமடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும் என்பதை 1662-இல் வெளியிட்டார். அதையே நம் பிள்ளைகள் இன்று பாயில் விதி என்று படிக்கிறார்கள்.